ராமநாதபுரம் கடற்கரைக் குழந்தைகள் இல்லத்தில் தொண்டு செய்ய வருகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூர், கோலாலம்பூர், டொராண்டோ, லண்டன், துபாய் என்று பல ஊர்களிலிருந்து ஆண்டுதோறும் ஒரே கேள்வி வருகிறது: "ஒரு மாசம் லீவு இருக்கு. ராமநாதபுரம் பக்கம் ஏதாவது ஒரு ஹோம்ல தங்கி பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யணும். யாரைப் பார்க்கணும்?" தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், தங்கச்சிமடம், ராமேஸ்வரம், அந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் வரைக்கும் உள்ள இல்லங்களை மனதில் வைத்து, அந்தக் கேள்விக்கு முறையாகப் பதில் சொல்வதே இந்த வழிகாட்டி.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இல்லத்தில் வளரும் பிள்ளைக்கு எல்லாவற்றையும் விட அவசியமானது மாறாத முகம். காலையில் எழுப்புகிறவர், காய்ச்சல் வந்தால் தொட்டுப் பார்க்கிறவர், பள்ளியில் கையெழுத்துப் போடுகிறவர் ஒரே ஆளாக இருக்க வேண்டும். நீங்கள் வந்து போகிறவர். ஆகவே உங்கள் உழைப்பு முழுவதும் அந்த மாறாத முகங்களுக்கு, அதாவது வார்டன், சமையல் அக்கா, டியூஷன் டீச்சர், கணக்கு எழுதுகிறவர் ஆகியோருக்குத் தோள் கொடுப்பதாக இருக்க வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொன்றும் இதிலிருந்து வருவதுதான்.

இந்தப் பிள்ளைகள் யார்

தாய் தகப்பன் இருவரும் இல்லாத பிள்ளைகள் இந்த இல்லங்களில் குறைவு. கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை, படகோடு பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருக்கிறார், குடியில் குடும்பம் சிதறியது, அம்மா வளைகுடா நாட்டில் வீட்டு வேலைக்குப் போய்விட்டார், கடல்பாசி எடுத்து வரும் காசு மூன்று பிள்ளைகளுக்குப் போதவில்லை என்று காரணங்கள் பலவாக இருக்கும். பெரும்பாலும் எங்கோ ஒரு கரையில் அம்மாவோ பாட்டியோ இருக்கிறார்கள். அதனால் "அனாதைக் குழந்தைகள்" என்ற சொல்லை விமானம் ஏறும் முன்பே விட்டுவிடுங்கள். அந்தச் சொல் பிள்ளையின் காதில் விழுந்தால், உயிரோடு இருக்கும் அம்மாவை இல்லை என்று சொன்னதாகிவிடும்.

குழந்தைகளின் பராமரிப்புக்கும் பாதுகாப்புக்கும் உள்ள இளைஞர் நீதிச் சட்டம் 2015 இல்லத்தைக் கடைசி வழியாகத்தான் வைக்கிறது. முதல் வழி குடும்பம். மிஷன் வாத்சல்யா என்ற அரசின் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தில் தகுதியுள்ள பிள்ளை தன் வீட்டிலேயே இருந்து படிக்க மாதம் ₹4,000 உதவித்தொகை உண்டு. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000-இல் தொடங்கிய நீண்ட ஆய்வு, காப்பகத்திலிருந்து சிறு வயதிலேயே வளர்ப்புக் குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் மூளை வளர்ச்சியிலும் ஒட்டுறவிலும் தேறியதைக் காட்டியது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானம், காப்பகங்களை மையமாக வைத்த சுற்றுலாவும் தொண்டும் பிள்ளைகளுக்குத் தீங்காக முடிவதைக் குறிப்பிட்டது. பிள்ளைகளைக் காட்டினால் வெளிநாட்டுப் பணம் வரும் என்றால், பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பாமல் வைத்துக்கொள்ள ஒரு காரணம் முளைத்துவிடுகிறது. ராமேஸ்வரம் போல யாத்திரிகர் கூட்டம் வரும் ஊரில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

எத்தனை நாள், எந்த மாதம்

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு விசாக் கவலை இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை உள்ளவரும் வரலாம். ஆனால் மதப் பிரசாரம், ஆய்வு, பத்திரிகைப் பணி போன்றவற்றுக்குத் தனி அனுமதி வேண்டும். பிள்ளைகளிடம் கேள்வித்தாள் கொடுத்துப் பட்டப்படிப்புக்குத் தகவல் எடுப்பதும் ஆய்வுதான், மறக்க வேண்டாம்.

மற்ற வெளிநாட்டுக் குடிமக்கள் சுற்றுலா விசாவில் சம்பளமோ வேறு கைமாறோ இல்லாத தொண்டை அதிகபட்சம் ஒரு மாதம் செய்யலாம். அதற்கு மேல் என்றால், பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தின் அழைப்புக் கடிதத்தோடு வேலை விசா கேட்க வேண்டும். 180 நாளுக்கு மேற்பட்ட அந்த விசாவில் வந்தால், இறங்கிய 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் பதிய வேண்டும்.

சிக்கல் இங்கேதான். ஒரு மாதம் என்பது பிள்ளை உங்களோடு ஒட்டிக்கொள்ளப் போதும். அந்த ஒட்டுதலுக்குப் பொறுப்பேற்க உங்களுக்குப் போதாது. சுற்றுலா விசாவில் வருகிறவர் பிள்ளைகளை நேரடியாகப் பார்த்துக்கொள்ளும் வேலை எதையும் எடுக்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. பழுது பார்த்தல், கோப்பு ஒழுங்கு, ஊழியர் பயிற்சி, கணக்கு, கணினி ஆகிய வேலைகளை ஒரு மாதத்தில் உருப்படியாக முடிக்கலாம். பிள்ளைகளோடு தினமும் உட்கார்ந்து கற்பிக்க ஆசை இருந்தால், குறைந்தது ஒரு பள்ளிப் பருவம் முழுக்க இருக்கத் தயாராகி வாருங்கள்.

மார்ச், ஏப்ரலில் பரீட்சை; அப்போது புது ஆள் வீட்டுக்குள் வேண்டாம். மே மாதத்தில் வீடுள்ள பிள்ளைகள் ஊருக்குப் போயிருப்பார்கள், ஆகவே பெயின்ட், வயரிங், கழிவறை வேலைகளுக்கு அதுவே நல்ல காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்பாக்கள் கரையில் இருப்பார்கள், வருமானம் இருக்காது, அரசு நிவாரணம் குடும்பத்துக்கு ₹8,000. பிள்ளையை வீட்டோடு சேர்த்துவைக்கும் பேச்சுக்கு ஆள் கிடைக்கும் காலமும் இதுதான்; இல்லத்தின் சமூகப் பணியாளர் அந்த வாரங்களில் கரை கரையாக அலைவார். அவருடைய அலுவலக வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டால், அவர் கூடுதலாகச் சில வீடுகளுக்குப் போய் வருவார். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புயல் எச்சரிக்கை வந்தால் பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் போக்குவரத்து நிற்கும், ஆகவே திரும்பும் டிக்கெட்டில் இரண்டு மூன்று நாள் இடைவெளி வையுங்கள்.

இல்லத்தைத் தேர்ந்தெடுப்பது

முகநூலில் பார்த்த பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். ராமநாதபுரத்தில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு முதலில் எழுதுங்கள். எந்த இல்லம் பதிவில் இருக்கிறது, யாருக்கு எந்த உதவி தேவை என்பது அவர்களுக்குத் தெரியும்.

பிறகு இல்லத்திடம் கேட்க வேண்டியவை. இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 41-இன் கீழ் பதிவுச் சான்று. அது 5 ஆண்டுக்குச் செல்லும், ஆகவே தேதியைப் பாருங்கள். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ₹1 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். "பதிவுக்குப் போட்டிருக்கோம், வந்துரும்" என்பது சான்று ஆகாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் குழந்தைகள் நலக் குழுவின் (பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று சட்டப்படி முடிவு செய்யும் குழு) உத்தரவு இருக்கிறதா என்று கேளுங்கள். உத்தரவைக் காட்டச் சொல்லாதீர்கள். பிள்ளையின் தாள் உங்களுக்குரியது இல்லை. இருக்கிறது என்று பொறுப்பாளர் தயங்காமல் சொல்கிறாரா என்பதுதான் முக்கியம். அனுமதித்த எண்ணிக்கை எத்தனை, இப்போது எத்தனை பேர் என்பதையும் கேளுங்கள்.

நேரில் போகும்போது கண்ணால் அளக்கலாம். அதே சட்டத்தின் மாதிரி விதிகள் 2016-இன்படி படுக்கும் இடம் பிள்ளைக்கு 40 சதுர அடி, ஏழு பேருக்கு ஒரு கழிவறை, பத்துப் பேருக்கு ஒரு குளியலறை. பெண் பிள்ளைகள் இல்லத்தில் பொறுப்பாளரும் ஊழியரும் பெண்களாகவே இருக்க வேண்டும்; ஆண்கள் அங்கே தங்கித் தொண்டு செய்யக் கேட்பதே தவறு. வெளிக்கதவும் படுக்கை அறைக் கதவும் இரவில் எப்படிப் பூட்டப்படுகின்றன என்று கட்டாயம் பாருங்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் மனநலம் பாதித்தவர்களை வைத்திருந்த ஒரு கொட்டகைக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். இந்தக் கடற்கரையில் எந்த இல்லத்துக்குள் நுழைந்தாலும் நினைவில் இருக்க வேண்டிய நாள் அது. ஜன்னல் கிரில்லில் உள்ளிருந்து திறக்கும் ஒரு பகுதி, இரண்டாவது வழி, சாவி எங்கே தொங்குகிறது என்று இரவுப் பணியாளருக்குத் தெரிந்திருப்பது ஆகிய மூன்றும் இல்லாத இடத்தில், உங்கள் முதல் வேலை அதுதான்.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று தென்பட்டாலும் அந்த இல்லம் வேண்டாம்: நீங்கள் வந்தவுடன் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பாட்டுப் பாட வைப்பது, போலீஸ் சான்று கேட்காமலே "எப்ப வேணா வாங்க" என்பது, பிள்ளையை வெளியே கூட்டிப்போக உங்களிடம் விடுவது, ஒரு பிள்ளையின் கதையைப் படத்தோடு சொல்லிப் பணம் கேட்பது, குடும்பத்தார் வந்து பார்க்கும் நாள் எது என்ற கேள்விக்கு மழுப்புவது.

மண்டபத்தில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமுக்குள் அனுமதியில்லாமல் போக முடியாது. உறவினரைப் பார்க்கிற ஆசையில் தொண்டையும் அதையும் சேர்த்துத் திட்டமிட வேண்டாம்.

தாள்கள்

போலீஸ் சான்றை மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். பிரிட்டனில் வசிப்பவர் சர்வதேசக் குழந்தைப் பாதுகாப்புச் சான்று எடுக்க வேண்டும், கனடாவில் ஆர்.சி.எம்.பி. எனும் தேசியப் போலீஸின் கைரேகைச் சான்று, மலேசியாவில் நன்னடத்தைச் சான்று, சிங்கப்பூரில் குற்றப்பதிவு இல்லை என்ற காவல்துறைச் சான்று. கடந்த சில ஆண்டுகளில் வேறு நாட்டில் வசித்திருந்தால் அந்த நாட்டுச் சான்றும் வேண்டும். பிள்ளைகளோடு பழகும் நிறுவனங்கள் ஊழியரின் பின்னணியை போலீஸ் மூலம் சரிபார்க்க வேண்டும் என்று போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) விதிகள் 2020 சொல்கின்றன. தொண்டருக்கும் அதே அளவுகோல் வையுங்கள் என்று நீங்களே கேட்க வேண்டும். இதோடு, உங்களை மேற்பார்த்த இருவரின் கடிதம், டைஃபாய்டு, மஞ்சள் காமாலை, டெட்டனஸ் தடுப்பூசி விவரம், காசநோய் இல்லை என்ற மருத்துவர் சான்று ஆகியவையும் வேண்டும்.

வேலை ஒப்பந்தம் ஒரு பக்கம் போதும். எந்த வேலை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, யார் மேற்பார்வை, எந்த அறைகளுக்குள் போகக் கூடாது, எந்தத் தேதியில் முடிகிறது என்று எழுதி இரு பக்கமும் கையெழுத்திடுங்கள். தங்குவது இல்லத்துக்குள் வேண்டாம். ராமநாதபுரம், ராமேஸ்வரம், கீழக்கரையில் லாட்ஜ் கிடைக்கும். யார் வீட்டில் தங்கினாலும், வெளிநாட்டவர் வந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் இணையத்தில் விவரம் பதிய வேண்டும். "சி ஃபார்ம்" என்பார்கள். சொந்தக்காரர் வீடு என்றாலும் இந்த விதி உண்டு. பலர் தவறவிடுவதும் இங்கேதான்.

பணமும் பொருளும்

நல்ல மனதோடு வருகிறவர்கள் இல்லத்தை வம்பில் மாட்டிவிடுவது பெரும்பாலும் பணத்தில். வெளிநாட்டுக் குடிமகனும் ஓ.சி.ஐ. அட்டைதாரரும் தருவது ரூபாயாக இருந்தாலும், இந்தியாவில் வைத்துக் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன்அனுமதியோ உள்ள நிறுவனம்தான் வாங்கலாம். அதுவும் டெல்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள அதற்கான கணக்கின் வழியாகத்தான். வார்டன் கையில் ஐம்பதாயிரத்தைத் திணித்துவிட்டுப் போனால் அடுத்த ஆய்வில் பதில் சொல்வது அவர்தான். நிறுவனத்துக்கு லேப்டாப் கொண்டுவந்து கொடுப்பதும் பொருளாகத் தந்த நன்கொடையே. வெளிநாட்டில் வேலை பார்த்தாலும் இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சொந்தப் பணத்தைத் தந்தால் அது இந்த வகையில் வராது, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பரிசு கூடாது. ஒருத்திக்கு வளையல் கொடுத்தால் அன்று இரவு படுக்கை அறையில் சண்டை, மறுநாள் திருட்டுப் பட்டம். கொடுக்க விரும்பினால் பொறுப்பாளர் சொல்லும் பொருளை எல்லோருக்கும் ஒரே மாதிரி, இல்லத்தின் பெயரில், ஊழியர் கையால் கொடுக்கச் சொல்லுங்கள்.

செய்ய வேண்டிய வேலை

முதல் வாரம் பார்த்துக் கற்றுக்கொள்வதற்கு. மணியடிக்கும் நேரம், தண்ணீர் லாரி வரும் நாள், யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கவனியுங்கள். பிள்ளைகளுக்கு நீங்கள் அக்கா அல்லது அண்ணன். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்துப் பிள்ளைகள் லாத்தா, காக்கா என்பார்கள். "அம்மா" என்று ஒரு சின்னப் பிள்ளை கூப்பிட்டால் மெதுவாக "அக்கான்னு கூப்பிடு" என்று திருத்துங்கள். அந்த இடம் உங்களுடையது இல்லை. ஊழியரில் மூத்தவர்களை அண்ணன், அக்கா என்றே அழையுங்கள். பிள்ளைகள் முன் அவர்களைத் திருத்தவே கூடாது. வார்டன் சொன்ன நேரத்தை நீங்கள் தளர்த்தினால், நீங்கள் போன பிறகு அந்தப் பிள்ளைகளைச் சமாளிக்கப் போவது அவர்தான்.

தண்ணீர் வேலையில் தொடங்கினால் பலன் உடனே தெரியும். இந்தக் கரையில் நிலத்தடி நீர் உப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாளில் லாரித் தண்ணீரோ, சவ்வின் வழியே உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. இயந்திரமோதான். சில நூறு ரூபாய்க்கு, நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கும். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்றது. வேறு நீர் இல்லாவிட்டால் 2,000 வரை ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரம் பொறுத்துக்கொள்கிறது. வாரம் ஒருநாள் உள்ளே போகும் நீரையும் வெளியே வரும் நீரையும் அளந்து சுவரில் ஒட்டிய தாளில் எழுதும் பழக்கத்தைச் சமையல் அக்காவுக்குச் சொல்லிக்கொடுங்கள். உள்ளே 1,500, வெளியே 120 என்றால் சவ்வு நன்றாக இருக்கிறது. வெளியே 300-ஐத் தாண்டினால் மாற்ற வேண்டிய நேரம். முன்வடிகட்டியை மாற்றாமல் விடுவதால்தான் சவ்வு சீக்கிரம் அடைபடுகிறது. கழிவாகப் போகும் நீரைத் தொட்டியில் பிடித்துக் கழிவறைக்கு விடலாம். செடிக்கு விட்டால் கருகும். டி.டி.எஸ். மீட்டர் உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. ஆகவே மேல்தொட்டியைக் கழுவிக் குளோரின் போடும் தேதியையும் அதே தாளில் எழுதுங்கள்.

உப்புக் காற்றில் இரும்பு நிற்காது. கிரில், கட்டில் மூலை, சுவிட்ச் பெட்டித் திருகு எல்லாம் துருப்பிடிக்கும். துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு இரண்டு கை அடித்து, அதன் மேல் எனாமல் அடியுங்கள். துருவின் மேலேயே பெயின்ட் அடித்தால் ஒரு மழைக்காலம் தாங்காது. எர்த்திங் சோதனையை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

அடுத்து, கோப்புகள். யார் கண்ணிலும் படாத வேலை, ஆனால் பிள்ளையின் வாழ்க்கையை மாற்றுவது இதுதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் நலக் குழு உத்தரவு, தனிநபர் பராமரிப்புத் திட்டம், பிறப்புச் சான்று, ஆதார், சாதிச் சான்று, வங்கிக் கணக்கு, தடுப்பூசி அட்டை, குடும்பத்தின் தொலைபேசி, கடைசியாக வீட்டார் வந்த தேதி ஆகியவை இருக்க வேண்டும். எது இல்லை என்று ஒரு பட்டியல் போடும் முறையை ஊழியருக்கு அமைத்துக் கொடுங்கள். தாளை அவர்கள் திறக்கட்டும், வெற்றுக் கட்டத்தை நீங்கள் வரைந்து கொடுங்கள். பெயருக்குப் பதில் எண் போதும். கடலோரப் பிள்ளைகளில் பிறப்புச் சான்றும் சாதிச் சான்றும் இல்லாமல் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு உதவித்தொகையும் கல்லூரி இடமும் கை நழுவுவது நடக்கிறது. பத்து வயதிலேயே அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தால் தாசில்தார் அலுவலகத்துக்கு அலைய எட்டு ஆண்டு இருக்கிறது.

நீண்டநாள் இருக்கிறவர் கற்பிக்கலாம், ஆனால் டியூஷன் டீச்சரோடு சேர்ந்துதான். வகுப்பைப் பார்க்காமல் வாசிக்கும் நிலையைப் பார்த்துப் பிரியுங்கள்: எழுத்து மட்டும், சொல், வாக்கியம், பத்தி. ஒரு குழுவில் ஆறு முதல் எட்டுப் பேர், 45 நிமிடம்: 20 நிமிடம் சத்தமாக வாசிப்பு, 15 எழுத்து, 10 விளையாட்டு. தமிழில் தடுமாறும் பிள்ளைக்கு ஆங்கிலப் பாட்டைத் திணித்தால் இரண்டும் போகும், முதலில் தமிழ். மூன்றாம் வாரத்திலிருந்து டீச்சர் நடத்தட்டும், நீங்கள் ஓரத்தில் உட்காருங்கள். நீங்கள் இல்லாத நாளில் வகுப்பு நடக்கவில்லை என்றால் அந்த முறை இன்னும் அவர் கைக்குப் போகவில்லை என்று பொருள். அங்கே திரும்பத் தொடங்குங்கள்.

பிள்ளைகளோடு பழகும்போது

கதவு மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்காதீர்கள். இன்னொரு பெரியவர் பார்வையில் இருக்க வேண்டும். குளிப்பாட்டுதல், உடை மாற்றுதல், படுக்க வைத்தல் உங்கள் வேலை இல்லை. ஓடிவந்து கட்டிக்கொள்ளும் சின்னப் பிள்ளையைத் தள்ளவும் வேண்டாம், மடியில் தூக்கிக்கொள்ளவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துப் பேசுங்கள். முன்பின் தெரியாதவரிடம் உடனே ஒட்டிக்கொள்வது அன்பின் அடையாளம் என்று பலர் நெகிழ்ந்துபோகிறார்கள். அது பலமுறை கைவிடப்பட்டதன் அடையாளமாகவும் இருக்கலாம்.

"உங்க அப்பா எங்கே?" என்று கேட்காதீர்கள். படம், வீடியோ, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எதுவும் கூடாது. பிள்ளையின் அடையாளத்தை வெளியிட்டால் இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 74-இன் கீழ் ஆறு மாதம் வரை சிறை, ₹2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். முகத்தை மறைத்தாலும் சீருடை, பள்ளி, ஊர்ப் பெயர் காட்டிக்கொடுத்துவிடும். அடிப்பது எந்தக் காரணத்துக்கும் கூடாது. அதே சட்டத்தின் பிரிவு 82 அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது.

கடலுக்குக் கூட்டிப்போகாதீர்கள். வடகடல் (பாக் விரிகுடா) ஆழமற்று அமைதியாகத் தெரியும், தென்கடலில் (மன்னார் வளைகுடா) அலை அடிக்கும், தனுஷ்கோடி அரிச்சல்முனையில் இரண்டும் மோதி இழுக்கும். மீனவப் பிள்ளைக்கு நீந்தத் தெரியும் என்ற நம்பிக்கையில் விடுவது உங்கள் உரிமைக்கு உட்பட்டதில்லை.

ஒரு பிள்ளை தனக்கு நடந்த கொடுமையைச் சொல்லத் தொடங்கினால், நிதானமாகக் கேளுங்கள். "யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "நீ சொன்னது நல்லது. இது உன் தப்பு இல்லை. உன்னைப் பாதுகாக்க வேண்டியவங்ககிட்ட நான் சொல்லணும்" என்பது போதும். துருவிக் கேட்க வேண்டாம், படம் எடுக்க வேண்டாம், சம்பந்தப்பட்டவரிடம் போய் நியாயம் கேட்க வேண்டாம். பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே, தேதி நேரத்தோடு எழுதி, பாலியல் குற்றம் என்றால் உடனே போலீஸுக்குத் தெரிவியுங்கள். போக்சோ சட்டம் பிரிவு 19 இதை எல்லோருக்கும் கடமையாக்குகிறது, சொல்லாமல் விடுவதும் குற்றம். குழந்தைகள் உதவித் தொலைபேசி எண் 1098 இரவு பகலாக இயங்கும். குற்றம் சாட்டப்படுபவர் இல்லத்துக்காரர் என்றால் பொறுப்பாளரிடம் முதலில் போகாமல் நேரே 1098-க்கோ குழந்தைகள் நலக் குழுவுக்கோ சொல்லுங்கள்.

கிளம்புவது

முடியும் தேதியை முதல் நாளே சொல்லிவிடுங்கள். கடைசி இரண்டு வாரத்தில் காலண்டரில் குறித்துக் காட்டலாம். சொல்லாமல் இரவோடு இரவாகப் போவது பிள்ளைக்கு மிகவும் வலிக்கும். பெரிய வழியனுப்பு விழாவும் வேண்டாம், அழுகையைக் கூட்டும். "அடுத்த வருஷம் வருவேன்" என்று டிக்கெட் கையில் இல்லாமல் சொல்லாதீர்கள், சில பிள்ளைகள் நாளை எண்ணிக்கொண்டிருப்பார்கள். "உன்னைக் கூட்டிட்டுப் போறேன்" என்பது விளையாட்டுக்குக்கூட கூடாது. தத்தெடுப்பு சட்டப்படி மட்டுமே நடக்கும். வேறு வழியில் பிள்ளையைத் தத்தாகக் கொடுத்தாலும் ஏற்றுக்கொண்டாலும் மூன்றாண்டு வரை சிறை உண்டு.

சாவி, கடவுச்சொல், பழுது பார்த்த கடைக்காரரின் எண், மீதிப் பெயின்ட் எங்கே இருக்கிறது, தண்ணீர்த் தாளை யார் எழுதுகிறார் என்பதையெல்லாம் எழுதி ஊழியர் கையில் கொடுங்கள். பிள்ளைகளுக்கு உங்கள் கைப்பேசி எண் வேண்டாம். கடிதம் எழுத விரும்பினால் இல்லத்தின் முகவரிக்கு, எல்லோருக்கும் சேர்த்து, பொறுப்பாளர் படித்துவிட்டுக் கொடுக்கும்படி எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து ஊழியருக்கு ஒரு போன் போட்டு, ஆர்.ஓ. அளவு என்ன, டியூஷன் எந்த நிலையில் இருக்கிறது, சான்றிதழ் பட்டியலில் எத்தனை கட்டம் நிரம்பியது, எத்தனை பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள் என்று கேளுங்கள்.